எதிரில் ஒருவர் அழ, நான் கடிகாரம் பார்க்கிறேன்

கேள்வி: மாவட்ட மனநலத் திட்டத்தில் ஆறு வருடமாக உளவியலாளராக இருக்கிறேன். ஓ.பி.யில் தினமும் முப்பது பேர். போன வாரம் ஒரு அம்மா, மகன் இறந்ததைச் சொல்லி அழுதுகொண்டிருந்தபோது என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. வேலை இப்போதும் பிடித்துத்தான் இருக்கிறது. விட்டுவிடலாமா?

பதில்: ராஜினாமாக் கடிதத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வேலை பிடித்திருக்கும்போதே அதில் சோர்ந்தும் போகலாம். கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்ட அளவுகோல் இந்தச் சோர்வை மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறது: மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவர் வெறும் ‘கேஸ்’ ஆகிவிடுவது, செய்வதில் பயனில்லை என்று தோன்றுவது. மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். உங்களுக்கு முதல் இரண்டும் எட்டிப் பார்க்கின்றன. மூன்றாவது இன்னும் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய் வகைப்பாட்டில் இந்தச் சோர்வு நோயாக இல்லை; சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தின் விளைவு என்றே இருக்கிறது. அப்படியானால் வைத்தியமும் வேலையின் பக்கம்தான் தொடங்க வேண்டும். யோகா நல்லதுதான், ஆனால் அது முப்பது பேரை இருபதாக்காது.

டோக்கன் கொடுக்கும் நர்ஸிடம் பேசுங்கள். துக்கத்தில் வருபவரும் தற்கொலைக்கு முயன்றவரும் அடுத்தடுத்து வர வேண்டாம். நடுவில் மாத்திரை தொடர்பாக வருபவர் ஒருவர் வரட்டும். பெரிய அழுகைக்குப் பிறகு ஐந்து நிமிடம் வெளியே போய் டீ குடியுங்கள். அந்த நேரத்தில் ரிஜிஸ்டர் எழுதக் கூடாது!

அப்புறம், சூப்பர்விஷன்: பார்த்த கேஸ்களைப் பற்றி மூத்தவர் ஒருவரிடம் பேசுவது. படித்தபோது வாராவாரம் இருந்தது, வேலைக்கு வந்ததும் நின்றிருக்கும். நம் துறையின் பெரிய ஓட்டை இது. நம்பகமான சீனியர் ஒருவரோடு பதினைந்து நாளுக்கு ஒரு மணி நேரம் பேசுங்கள். அந்த அம்மாவின் கதையைவிட, அது உங்களை என்ன செய்தது என்பதைச் சொல்லுங்கள். இரண்டு வாரக் கணக்கையும் எழுதி வையுங்கள்: புதியவர் எத்தனை, பழையவர் எத்தனை, ரிஜிஸ்டருக்கு எவ்வளவு நேரம். கூடுதல் ஆள் கேட்கும்போது மேலதிகாரியிடம் அந்தத் தாள்தான் பேசும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். லீவில் மனம் தெளிந்தால் சரி. வீட்டிலும் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். ஊரில் எல்லோரும் தெரிந்தவர்கள் என்று கூச்சமாக இருந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416 இருக்கிறது. நீங்கள் மற்றவர்களுக்குச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் எண்தானே.