வட்டி விகிதம் குறையும்போதும் வங்கிகள் தடுமாறும்போதும் ஓய்வுப் பணத்தை எங்கே வைப்பது?

உங்கள் கேள்வியின் சாரம் இது. ராணிப்பேட்டையில் வேலை பார்த்து அறுபது வயதில் ஓய்வு பெற்ற உங்கள் அப்பாவிடம் 40 லட்சம் ரூபாய் இருக்கிறது. வங்கி வட்டி குறைந்துகொண்டே வருகிறது. தெரிந்த முகவர் ஒருவர், பத்தரை சதவீத வட்டி தரும் நிதி நிறுவனக் கடன் பத்திரத்தில் மொத்தத்தையும் போடச் சொல்கிறார். ரிசர்வ் வங்கி வட்டியை மாற்றினால் என்ன நடக்கும், வங்கியே கவிழ்ந்தால் என்ன நடக்கும் என்று கேட்கிறீர்கள்.

வேலூரில் ஒரு வங்கிக் கிளையில் டெபாசிட் பிரிவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தப் பத்திரத்தில் உங்கள் அப்பா கையெழுத்துப் போட வேண்டாம்.

ஓய்வு பெற்ற செவிலியர், ஆசிரியர், ஆம்பூர் தோல் தொழிற்சாலைக் கணக்கர் என்று யார் கவுண்டருக்கு வந்தாலும் முதல் கேள்வி, "வட்டி எவ்வளவு சார்?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. ஆனால் அதற்குச் சமமான வேறு இரண்டு கேள்விகளைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. இந்த வட்டி எத்தனை காலத்துக்கு நிலைக்கும்? பணம் வாங்கியவர் நொடித்துப் போனால், திரும்பப் பெறும் வரிசையில் எனக்கு எந்த இடம்? உங்கள் கேள்விக்கான பதில் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

முதலில் காலம். ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகியகாலக் கடன் தரும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்தது. விலைவாசியை அடக்க அதைப் படிப்படியாக உயர்த்தி, 2023 பிப்ரவரியில் 6.50 சதவீதத்துக்குக் கொண்டு வந்தார்கள். இரண்டு ஆண்டுகள் அங்கேயே நின்றது. 2025 பிப்ரவரியில் இறங்கத் தொடங்கி, அந்த டிசம்பரில் 5.25 சதவீதத்தை அடைந்தது. 2024இல் ஐந்தாண்டுக்கு ஃபிக்சட் டெபாசிட் போட்டவருக்கு இந்த இறக்கத்தால் பாதிப்பு இல்லை. ரசீதில் எழுதிய வட்டி அப்படியே வரும். ஓராண்டுக்குப் போட்டுவிட்டுப் புதுப்பிக்கப் போனவர்தான் முகம் வாடித் திரும்பினார். வீட்டுக்கடன் வாங்கியவருக்கோ இதே இறக்கம் நிம்மதி. ஆகவே வட்டிக் குறைப்பு நல்லதா கெட்டதா என்பது நீங்கள் கவுண்டருக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கடன் பத்திரங்களில் இன்னொரு விளைவு உண்டு. ஆண்டுக்கு 6 ரூபாய் தரும் பத்தாண்டுப் பத்திரத்தை 100 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறீர்கள். உடனே சந்தை வட்டி ஏழரை சதவீதமாக உயர்கிறது. புதிய பத்திரம் ஏழரை ரூபாய் தரும்போது உங்களுடையதை 100 ரூபாய்க்கு யார் வாங்குவார்? இன்றே விற்றால் ஏறத்தாழ 90 ரூபாய்தான் கிடைக்கும். முதிர்வு வரை காத்திருக்க முடிந்தால் 100 ரூபாய் முழுதாகத் திரும்பும். காத்திருக்க முடியாதவருக்குத்தான் நட்டம்.

வங்கிகளுக்கும் இதே விதிதான். அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி, வட்டி மிகக் குறைவாக இருந்த காலத்தில் வாடிக்கையாளர் பணத்தை நீண்டகாலப் பத்திரங்களில் போட்டு வைத்திருந்தது. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த வட்டியை அந்நாட்டு மத்திய வங்கி வேகமாக உயர்த்த, பத்திரங்களின் விலை சரிந்தது. 2023 மார்ச்சில் அவற்றில் ஒரு பகுதியை விற்று, 180 கோடி டாலர் நட்டம் என்று வங்கி அறிவித்தது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை வாடிக்கையாளர்கள் எடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள், மார்ச் 10ஆம் தேதி, வங்கி மூடப்பட்டது. அரசுப் பத்திரம் வைத்திருந்த வங்கிதான் இது; பத்திரம் ஏமாற்றவில்லை, காத்திருக்கும் அவகாசம்தான் இல்லாமல் போனது. வங்கி கவிழ்ந்தாலும் திரும்பக் கிடைக்கும் என்று உறுதியளிக்கப்பட்ட காப்பீட்டு வரம்புக்கு மேல் டெபாசிட்டில் பெரும்பகுதி இருந்ததால்தான் அத்தனை பேர் ஒரே நாளில் ஓடினார்கள்.

நம் நாட்டில் அண்மையில் வங்கிகளைச் சாய்த்தது பெரும்பாலும் வாராக்கடன். யார் பணம் போனது, யார் பணம் தப்பியது என்று பார்க்க, கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியின் கதையைத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு முதலீட்டாளரும் அறிந்திருக்க வேண்டும் என்பேன். 2020 நவம்பர் 17ஆம் தேதி, ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. அந்த மாத இறுதிக்குள் வங்கி, சிங்கப்பூரின் டி.பி.எஸ். வங்கியுடைய இந்தியத் துணை நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் வைத்திருந்தவர்கள் ஒரு ரூபாய்கூட இழக்கவில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு ரூபாய்கூட மிஞ்சவில்லை. பங்கு மூலதனம் முழுவதும் ரத்து செய்யப்பட்டது. "நம் ஊர் வங்கி" என்ற பாசத்தில் பங்கை விற்காமல் வைத்திருந்த குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அந்த வங்கி வெளியிட்ட, திரும்பப் பெறும் வரிசையில் டெபாசிட்டுக்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் அடுக்குப் பத்திரங்களில் 318 கோடி ரூபாயும் அடியோடு போனது.

அதே ஆண்டு மார்ச்சில் எஸ் (Yes) வங்கி என்ற தனியார் வங்கி தடுமாறியபோதும் டெபாசிட்டுகள் தப்பின. ஆனால் முதிர்வுத் தேதியே இல்லாத, 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள நிரந்தரப் பத்திரங்கள் பூஜ்யமாயின. ஃபிக்சட் டெபாசிட்டைவிட மேலானது என்ற பேச்சை நம்பி அவற்றை வாங்கிய முதியவர்கள் பலர். ஒரே வங்கிதான், கட்டட வாசலும் ஒன்றுதான். கையிலிருந்த காகிதம் வேறு என்பதால் கதி வேறானது.

இனி உங்கள் முகவரின் பத்திரத்துக்கு வருகிறேன். அது வங்கி டெபாசிட்கூட இல்லை. நிதி நிறுவனப் பத்திரத்துக்கு டெபாசிட் காப்பீடு கிடையாது. "ரேட்டிங், அதாவது கடனைத் திருப்பித் தரும் திறனுக்கான தரக்குறியீடு, நன்றாக இருக்கிறது" என்று அவர் சொல்லலாம். டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் நிறுவனம் 2019 தொடக்கம் வரை மிக உயர்ந்த தரக்குறியீட்டை வைத்திருந்தது. அந்த ஜூன் மாதமே தவணை தவறியது. பணம் போட்ட பொதுமக்களில் பலருக்கு முழுத்தொகை திரும்பவே இல்லை. அரசு வங்கி ஏழு சதவீதத்தை ஒட்டியே தரும்போது ஒருவர் பத்தரை தருகிறார் என்றால், அந்தக் கூடுதல் வட்டி உங்கள் அப்பா சுமக்கப்போகும் ஆபத்துக்கான கூலி. மாத வட்டி ஆசை காட்டிப் பணம் திரட்டியவர்களால் வேலூர், காட்பாடிப் பக்கம் 2022இல் எத்தனை குடும்பங்கள் நிலைகுலைந்தன என்பது உங்களுக்கும் தெரியும்.

நான் சொல்லும் வழி எளிது. அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் போடுங்கள். ஒருவருக்கு உச்சவரம்பு அதுதான். 2023 ஏப்ரலில் 8.2 சதவீதமாக்கப்பட்ட வட்டி, ரெப்போ இறங்கிய 2025 முழுவதும் மாறவில்லை. கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கு உறுதி. 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். வருமான வரி உண்டு. இடையில் மூடினால் பிடித்தமும் உண்டு. ஆனால் பொறுப்பேற்பது மத்திய அரசு.

மீதி பத்து லட்சத்தை ஒரே வங்கியில் வைக்காதீர்கள். 2020 பிப்ரவரி முதல் டெபாசிட் காப்பீடு, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரைதான். அசலும் வட்டியும் சேர்த்து, எல்லாக் கிளைகளையும் கூட்டி. சத்துவாச்சாரி கிளையில் ஒன்று, ஆற்காடு கிளையில் ஒன்று என்று பிரித்தால் பயனில்லை. வங்கியே வேறாக இருக்க வேண்டும். வட்டிக்கு இடம் விட்டு, இரண்டு வங்கிகளில் தலா நான்கரை லட்சம் போதும். அதையும் ஓராண்டு, இரண்டாண்டு, மூன்றாண்டு என்று வெவ்வேறு முதிர்வுத் தேதிகளில் பிரித்துப் போட்டால், வட்டி ஏறினாலும் இறங்கினாலும் மொத்தப் பணமும் ஒரே நாளில் மாட்டிக்கொள்ளாது. எஞ்சிய ஒரு லட்சம் மருத்துவமனைச் செலவுக்காக மூன்றாவது வங்கி ஒன்றின் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும்.

நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு இந்தக் காப்பீடு உண்டு. கிராமத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குக் கிடையாது. அப்பாவுக்கு அங்கே ஏற்கெனவே டெபாசிட் இருந்தால் அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எல்லாக் கணக்கிலும் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். அம்மாவின் பெயர் ஆதாரில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் பின்னால் அலைய வேண்டிவரும்.