நோயாளியின் நம்பிக்கையும் நர்சின் வேலையும்: கேள்வி பதில்

கேள்வி: முப்பது படுக்கைக்கு இரண்டு பேர். இதில் ஒவ்வொருவரின் விரதம், சடங்கு என்று பார்த்தால் நமக்கு என்ன மிச்சம் சிஸ்டர்?

பதில்: மிச்சமாவது உண்மை. வீட்டிலிருந்து வந்த லேகியம், துப்பிய மாத்திரை, சஷ்டிக்காகத் தள்ளிவிட்ட காலை இட்லி, இதையெல்லாம் திட்டு விழும் என்று பயப்படுகிற நோயாளி சொல்லவே மாட்டார். கிளிமிப்பிரைடு என்ற சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி கிடப்பவர் பதினொரு மணிக்கு வியர்த்து நடுங்கும்போதுதான் நமக்குத் தெரியவரும். அட்மிஷன் போடும்போதே, “விரதம், நோன்பு ஏதாவது உண்டா? உடம்பிலிருந்து கழற்றக் கூடாதது ஏதாவது இருக்கா?” என்று இரண்டே கேள்வி கேளுங்கள். பதிலைக் கேஸ் ஷீட்டில் அலர்ஜி எழுதும் இடத்துக்குக் கீழேயே எழுதினால் அடுத்த டூட்டிக்கு வருபவருக்கும் உதவும்.

கேள்வி: ஆபரேஷனுக்குத் தாலியைக் கழற்ற மாட்டேன் என்கிறார் ஒரு அம்மா.

பதில்: “ரூல்ஸ்” என்று சொல்லாதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள். ஆபரேஷனில் வெட்டவும் இரத்தத்தை நிறுத்தவும் பயன்படும் டயதெர்மி கருவியின் மின்சாரத்தால் உலோகம் படும் இடத்தில் தோல் சுட்டுவிடக்கூடும். விரலி மஞ்சள் துண்டு கட்டிய மஞ்சள் கயிறு ஒன்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். முதலில் அதைக் கட்டட்டும், அப்புறம் தாலி இறங்கட்டும். கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாகாது. இந்த வரிசை மாறினால் அழுகை, பிபி ஏற்றம், கேஸே தள்ளிப்போகலாம். கழற்றிய நகையைச் சாட்சி வைத்து எழுதி உறவினரிடம் கையெழுத்து வாங்குங்கள். தைராய்டு மாதிரி கழுத்திலேயே ஆபரேஷன் என்றால் அந்தக் கயிறும் ஆகாது. வென்ஃப்ளான் (மருந்து ஏற்றும் நரம்பு ஊசிக்குழாய்) போடாத கை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று அவரையே கேளுங்கள்.

கேள்வி: அத்தாவுக்குச் சுகர், இன்சுலின் போடுகிறோம். ரமலான் நோன்பை விடமாட்டேன் என்கிறார்.

பதில்: டோஸை நீங்களாக சஹருக்கும் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு) இஃப்தாருக்கும் (நோன்பு திறப்பு) மாற்றாதீர்கள். ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் போக வேண்டும். விரலில் குத்திச் சுகர் பார்ப்பதாலும் இன்சுலின் ஊசியாலும் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான ஆலிம்களின் (மார்க்க அறிஞர்களின்) கருத்து. இது தெரியாமல் பகலில் சுகரே பார்க்காமல் விடுவதுதான் பெரிய ஆபத்து. சுகர் 70க்குக் கீழே போனாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பைத் திறந்துவிட வேண்டும். “மஃரிபுக்கு (சூரியன் மறையும் நேரத் தொழுகைக்கு) இன்னும் அரை மணி நேரம்தானே” என்று இழுக்கும்போதுதான் மயங்கி விழுவார்கள். சுகர் குறைந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை உண்டு: விட்ட நோன்பைப் பிறகு கழாவாக வைக்கலாம், தீராத நோய் என்றால் ஃபித்யா (ஏழைக்கு உணவளிக்கும் பரிகாரம்) கொடுக்கலாம். டாக்டர் சொல்லிக் கேட்காதவர் பள்ளிவாசல் ஹஸ்ரத் (இமாம்) சொன்னால் கேட்பார். ஃபோன் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார், யூரின் பேக் வேறு. தொழ முடியவில்லையே என்று அழுகிறார்.

பதில்: படுத்தபடியே சைகையால் தொழலாம். தண்ணீர் படக் கூடாத உடம்பு என்றால் தயம்மும் (தண்ணீரில்லாமல் செய்யும் ஒளு) செய்யச் சுத்தமான கல் ஒன்றைத் தட்டில் வையுங்கள். தொழுகைக்கு முன் பேக்கைக் காலிசெய்து துணியால் மூடிவிடுங்கள். மறைக்கிறேன் என்று அதைக் கட்டில்மேல் தூக்கி வைக்கிறார்கள்; மூத்திரம் திரும்ப உடம்புக்குள் மூத்திரப்பைக்கே ஏறித் தொற்று வந்துவிடும். பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழேதான். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டுகிறீர்கள் அல்லவா, தொழுகை நேரத்தில் வலப்பக்கம் வருகிற மாதிரி அட்டவணை போடுங்கள். நம் ஊரில் கிப்லா (தொழும் திசை) மேற்கே, சற்று வடக்குச் சாய்வு. வலப்பக்கம் திரும்பினால் முகம் அங்கே பார்க்கிற மாதிரி கட்டிலைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

கேள்வி: ஆக்சிஜன் ஓடும்போது கற்பூரம் காட்டலாமா?

பதில்: கூடவே கூடாது. போர்வையிலும் முடியிலும் ஆக்சிஜன் தங்கியிருக்கும், ஒரு பொறி போதும். வேறு அறையில் ஆரத்தி காட்டி அணைத்துவிட்டு, விபூதியை மட்டும் கொண்டுவந்து நெற்றியில் இடலாம். ஊதிவிடாதீர்கள்.

கேள்வி: யெகோவா சாட்சி (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) ஒருவர் இரத்தம் ஏற்ற வேண்டாம் என்கிறார். எடுத்துச் சொல்லிப் பார்க்கலாமா?

பதில்: வற்புறுத்துவது உங்கள் வேலையில்லை. அவர் கைப்பையில் இரத்தம் மறுக்கும் அட்டை இருக்கும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். முழு இரத்தம், சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா வேண்டாம் என்பார்கள். பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுக்கும் அல்புமின் போன்றவை அவரவர் மனசாட்சிப்படி. தனியாக இருக்கும்போது கேட்டு எழுதுங்கள்.

கேள்வி: பாட்டிக்குக் கடைசி நேரம். கங்காஜலம் ஊற்ற வேண்டும் என்று எல்லோரும் நிற்கிறார்கள். விழுங்க முடியவில்லை.

பதில்: கரண்டியால் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய் மூச்சுத் திணறும். தலைமாட்டை உயர்த்தி முகத்தை ஒருக்களிக்க வையுங்கள். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கங்கைநீர் இரண்டு சொட்டு விட்டு, பஞ்சைத் தோய்த்து நன்றாகப் பிழிந்து, உதட்டிலும் கன்னத்தின் உட்புறமும் தடவச் சொல்லுங்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தடவட்டும். தொண்டையில் களகளவென்று சத்தம் வந்தால் உதட்டோடு நிறுத்துங்கள்.