கதையை எவ்வளவு நம்பலாம், எழுதியவரை எவ்வளவு நம்பலாம்?

கதைக்குள் இருக்கும்வரை கதையை முழுசாக நம்புங்கள். வெளியே வந்து எழுத்தாளர் அதைப் பற்றிச் சொல்வதை, விவரம் தெரிந்த ஒரு சாட்சி பேசுவதாகக் கேட்டுக்கொண்டால் போதும். தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைக்காரன். பொள்ளாச்சியிலிருந்து வந்த மாமாவை ஒருமுறை தஸ்ராக்குக்குக் கூட்டிப்போனேன். மலையாள எழுத்தாளர் ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' (1969) நாவல் பிறந்த கிராமம் அது. யூமா வாசுகியின் தமிழில் படித்திருந்த மாமா, நாவலில் பள்ளிக்கூடமாக வரும் ஞாற்றுப்புரையின் வாசலில் நின்றிருந்த பெரியவரிடம், "ரவி வாத்தியார் இங்கதானுங்களா பாடம் நடத்துனாரு?" என்றார்.

"ரவி மாஷ் கதையிலதானே! இந்த ஊருக்கு டீச்சரா வந்தது விஜயன் சாரோட கூடப்பொறந்தவங்க."

மாமாவுக்கு முகம் தொங்கிவிட்டது. "அப்ப அத்தனையும் பொய்யா மாப்ளே?"

எப்படிப் பொய்யாகும்? ஓராசிரியர் பள்ளிக்கு வேலைக்கு வந்தது சகோதரி சாந்தா. அவரோடு வந்து தங்கியவர் விஜயன். அந்த இடத்தில் ரவியை வைத்தது நாவல். ரவியின் குற்றவுணர்வை நம்பாமல் அந்த நாவலில் பத்துப் பக்கம்கூடத் தாண்ட முடியாது. ஆனால் அதையே தஸ்ராக்கின் ஊர் வரலாறாகப் படித்தால் அந்த ஊர்க்காரர்களுக்குத்தான் அநியாயம்.

எழுத்தாளரை நம்புவதில்தான் சிக்கல் அதிகம். அந்த நாவலை விஜயனே ஆங்கிலமாக்கி 1994இல் வெளியிட்டார். மலையாளத்தோடு வைத்துப் பார்த்தால் பல இடங்களில் அது வேறு புத்தகம். எந்த விஜயனை நம்புவது? நான் 1969 பக்கம். இருபத்தைந்து வருஷம் கழித்துத் தன் நூலைத் திரும்பப் படிக்கிற எழுத்தாளரும் ஒரு வாசகர்தான் (முன்வரிசையில் துண்டு போட்டு இடம்பிடித்தவர் என்பது வேறு விஷயம்).

சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) இன்னொரு ரகம். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு கார் விபத்தில் இறந்தது 1960 ஜனவரி 4. இது நிஜம். மறுநாள் ஜே.ஜே. என்ற மலையாள எழுத்தாளன் இறந்தான் என்பது கற்பனை. நிஜத் தேதியை ஒட்டி வைத்ததால் கற்பனையும் நிஜமாகவே தெரிகிறது. இந்த மாதிரி இடங்களில் தேதியைச் சரிபார்ப்பதில் தப்பே இல்லை. நாவலின் ருசி குறையாது, கூடும். அதில் நான் நம்பத் தயங்குவது கதை சொல்லும் பாலுவைத்தான். ஜே.ஜே.யைத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற ஆள் அவன். அவன் சொன்னதை அப்படியே சு.ரா.வின் கருத்தாக மேற்கோள் காட்டுபவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.