13 கோடியே சொச்சம் தடவை இரண்டு: பெங்களூரு வாசகர்களின் கேள்விகள்

(பதில்: ஜெயநகரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்)

2024 அக்டோபரில் கண்டுபிடித்த பகா எண் அவ்வளவு பெரியதா சார்? (அல்சூர்)

2-ஐ 13,62,79,841 தடவை எழுதிப் பெருக்கி, ஒன்றைக் கழிக்க வேண்டும். அதில் 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு மூவாயிரம் இலக்கம் அச்சடித்தாலும் பதின்மூன்றாயிரம் பக்கம் தாண்டும். இந்த வகைக்கு மெர்சென் எண் என்று பெயர்.

நான் பத்தாம் வகுப்பு. அது எந்த இலக்கத்தில் முடியும்? (கே.ஆர்.புரம்)

நல்ல கேள்வி, தம்பி. பஸ்ஸில் போகும்போதே போட்டுவிடலாம். 2-ன் அடுக்குகள் 2, 4, 8, 6 என்றே முடிந்து சுற்றி வரும். அடுக்கை 4-ஆல் வகு. கடைசி இரண்டு இலக்கமான 41-ஐ வகுத்தாலே போதும், மீதி 1. ஆக 2-ல் முடியும். ஒன்று போனால் 1.

இன்னும் வேண்டுமா? அடுக்கு 3-லிருந்து பார்த்தால், கடைசி மூன்று இலக்கங்கள் நூறு அடுக்குக்கு ஒருமுறை திரும்ப வரும். அதனால் 2-ன் 41-ஆம் அடுக்கைப் போட்டாலே விடை கிடைத்துவிடும்: 21,99,02,32,55,552. ஒன்றைக் கழி. நாலு கோடி இலக்க எண்ணின் வால் 551!

மெர்சென் எண் பகா எண்ணாக வர, அடுக்கு பகா எண்ணாக இருந்தால் போதுமா? (மல்லேஸ்வரம்)

போதாது மேடம். அடுக்கு 11 என்றால் 2047 வரும். அது 23 × 89. அடுக்கு 67-க்கு 1903-ல் ஃபிராங்க் நெல்சன் கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் காரணிகளைக் காட்டினார்: 19,37,07,721 × 7,61,83,82,57,287. கால்குலேட்டர் இல்லாத காலம், நினைத்தாலே தலை சுற்றுகிறது.

இவ்வளவு பெரியதை எப்படிச் சோதித்தார்கள்? எனக்கு டேட்டா சென்டரில் வேலை. (வொயிட்ஃபீல்டு)

அப்படியானால் உங்கள் துறைதான். இந்த எண்ணைக் கண்டுபிடித்த லூக் டுரான்ட், பல நாடுகளின் டேட்டா சென்டர்களில் இருந்த ஜிபியுக்களை (ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சிப்களை) இதில் இறக்கினார். உறுதி செய்தது லூகாஸ்–லெமர் சோதனை. 4-ல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை இப்படிச் செய்தபின் மீதி பூச்சியம் என்றால் அது பகா எண். 31-க்கு அடுக்கு 5, ஆக மூன்று தடவை: 4, 14, 8, 0. முடிந்தது. காரணியே தேடவில்லை, கவனித்தீர்களா? எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

பேங்க் பாதுகாப்புக்கு உதவுமா? (ஜெயநகர்)

உதவாது. தகவலை ரகசியமாகப் பூட்டி அனுப்பும் ஆர்எஸ்ஏ முறையில் பொதுவாக முந்நூறு இலக்க அளவுள்ள பகா எண்களே போதும், அவையும் ரகசியமாக இருக்க வேண்டும். ஊருக்கே தெரிந்த சாவிக்கு யாராவது பூட்டு செய்வார்களா?

பரிசு உண்டா? (அல்சூர்)

இதற்கு 3,000 டாலர். பத்துக் கோடி இலக்கமுள்ள முதல் பகா எண்ணுக்கு 1,50,000 டாலர் அறிவித்திருக்கிறார்கள். கரண்ட் பில்லைக் கணக்கு போட்டுவிட்டு இறங்குங்கள்.