கேங் என்றால் திருடர் கூட்டமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நேற்று ராத்திரி ஆங்கில இலக்கணத்தில் கூட்டப்பெயர்களை உரக்கப் படித்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். விளையாட்டுக்காரர்கள் என்றால் டீம், மாலுமிகள் என்றால் க்ரூ, இயக்குநர்கள் என்றால் போர்டு. அடுத்து, திருடர்கள் என்றால் கேங், தொழிலாளர்கள் என்றாலும் கேங். படிப்பை நிறுத்திவிட்டு, "மாமாவும் கேங்மேன்தானேம்மா?" என்றாள். என் தம்பிக்கு மின்வாரியத்தில் கேங்மேன் வேலை. சேர்ந்த புதிதில் சொந்தக்காரர்கள் "எந்த கேங்குப்பா நீ?" என்று கேலி செய்ததை அவன் இன்னும் மறக்கவில்லை. உழைக்கிறவனையும் திருடுகிறவனையும் ஒரே சொல்லில் அடைத்தது வெள்ளைக்காரன் திமிர்தானே? பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?

திட்டக்குடியிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

திமிர் இருக்கிறது, ஆனால் அந்தப் பட்டியலின் வேறொரு வரியில். அதற்குப் பிறகு வருகிறேன்.

கேங் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'போதல்', 'நடை' என்றுதான் பொருள். ஸ்காட்லாந்துப் பேச்சில் 'போ' என்கிற வினையாகவே அது நெடுங்காலம் புழங்கியது. கப்பலில் ஏறி இறங்கும் வழியை 'கேங்வே' என்பதும் இதனால்தான். பிறகு, சேர்ந்தே இருக்கவேண்டிய சாமான்களின் செட்டுக்கு அந்தப் பெயர் வந்தது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேர்ந்து வேலைக்குப் போகிற ஆட்களுக்கு ஆயிற்று. திருடர்கள் அதற்குச் சற்றுப் பின்னால்தான் வருகிறார்கள். ஆக, தொழிலாளியின் சொல்லைத் திருடன் எடுத்துக்கொண்டான். அவன் தொழிலே அதுதானே.

அந்தச் சொல்லுக்குப் பயம் கூட்டியதில் பிரிட்டிஷ் கடற்படைக்கும் பங்கு உண்டு. துறைமுகத்துச் சாராயக் கடைகளில் புகுந்து, அகப்பட்டவனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றிய ஆட்களுக்கு 'பிரஸ் கேங்' என்று பெயர். 'கேங்ஸ்டர்' அமெரிக்கச் சரக்கு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. நம் சினிமா அதைத்தான் பிடித்துக்கொண்டது.

நான் முதலில் பார்த்த கேங் ரயில்வே கேங். விருத்தாசலம் பக்கம் எங்கள் தெருவில் ஒரு கேங்மேன் குடியிருந்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் தண்டவாளத்தோரம் நின்று வேடிக்கை பார்ப்பேன். தண்டவாளம் லேசாக விலகியிருக்கும். எட்டுப் பேர் அதனடியில் கடப்பாரையைச் செருகிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் பாட்டெடுப்பார், பாட்டில் பாதி மேஸ்திரியைத் திட்டுவதாக இருக்கும். கடைசி எழுத்தில் எட்டு உடம்பும் ஒருசேரச் சாயும். அத்தனை பெரிய இரும்பு ஒரு விரற்கடை நகரும். திட்டு வாங்கிய மேஸ்திரி தரையோடு குனிந்து, ஒரு கண்ணை மூடித் தண்டவாளத்தின் நீளத்துக்கும் பார்வையை ஓட்டிவிட்டு, "இன்னும் ஒரு நூல்" என்பார். எட்டில் ஒருவர் அரை நொடி பிந்தினாலும் இரும்பு அசையாது. உங்கள் தம்பி வேலையில் மின்கம்பம் தூக்கி நிறுத்துவதும் இப்படித்தான் இருக்கும். கயிற்றை ஒரு பக்கம் விட்டுவிட்டால் கம்பம் ஆள் பார்த்தா விழும்?

இங்கிலாந்துச் சட்டத்திலேயே வேலை ஆட்களுக்கு கேங் என்ற பெயர் உண்டு. அங்கே கிழக்கு மாவட்டங்களின் வயல்களில் பெண்களையும் சிறு பிள்ளைகளையும் கூட்டம் சேர்த்துக் களையெடுக்கவும் கல் பொறுக்கவும் ஓட்டிப்போகிற ஆள் ஒருவன் 19ஆம் நூற்றாண்டில் இருந்தான். அவன் பெயர் கேங்மாஸ்டர். அச்சு அசல் நம் கங்காணி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஊரிலிருந்தே ஆள் திரட்டிக்கொண்டு போனவரும், மலையில் அந்த ஆட்களை மேய்த்தவரும் அவர்தானே. 'கங்காணி' என்ற நம் சொல் ஆங்கில அகராதியிலும் ஏறியிருக்கிறது. இந்த கேங்மாஸ்டர்களைக் கட்டுப்படுத்த 1867-ல் ஒரு சட்டம் வந்தது: எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது, ஆணும் பெண்ணும் ஒரே கேங்கில் கூடாது, கேங்மாஸ்டர் லைசென்ஸ் வாங்க வேண்டும். கவனியுங்கள், எட்டு வயது முடிந்த பிள்ளை போகலாம்.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2004 பிப்ரவரி 5 இரவு, லங்காஷயர் கரையில் மோர்கம் வளைகுடாவில் மட்டி பொறுக்க இறக்கிவிடப்பட்ட சீனத் தொழிலாளர்களைக் கடலேற்றம் சூழ்ந்துகொண்டது. குறைந்தது 21 பேர் மூழ்கிப் போனார்கள். அழைத்துப்போன கேங்மாஸ்டருக்கு 2006-ல் 14 ஆண்டு சிறை. சம்பவம் நடந்த அந்த ஆண்டே கேங்மாஸ்டர் லைசென்ஸுக்குப் புதிதாகச் சட்டம் செய்தார்கள். சட்டத்தின் பெயரிலேயே கேங் இருக்கிறது.

இப்போது போர்டுக்கு வருகிறேன். போர்டு என்றால் பலகை. பலகையைப் போட்டால் மேசை. மேசைமேல் வந்ததால் சாப்பாடும் போர்டு ஆயிற்று. நம் ஊர் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' பலகையில் இருப்பது அந்தச் சாப்பாடுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களும் போர்டு ஆனார்கள். நீதிபதிகள் உட்கார்ந்த பெஞ்சு அவர்களுக்கே பெயரானது. அரசரின் ஆலோசகர்கள் கூடிய சிற்றறை மந்திரிகளுக்கு 'கேபினட்' என்ற பெயரைக் கொடுத்தது. நடந்தவர்களுக்கு நடையால் பெயர், உட்கார்ந்தவர்களுக்கு நாற்காலி மேசையால் பெயர். நீங்கள் கேட்ட திமிர் எனக்கு இங்கேதான் தெரிகிறது. உங்கள் தம்பி வேலையில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன: போர்டில் கேங்மேன்.

க்ரூவுக்குப் பெரிய கதை இல்லை. படைக்கு உதவியாக அனுப்பிய கூடுதல் ஆட்கள், வளர்ச்சி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். டீம்தான் வேடிக்கை. ஒரு ஈற்றுக் குட்டிகள் என்பதில் தொடங்கி, ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகளுக்கு வந்த சொல் அது. வண்டியோட்டிகள் 1903-ல் அமெரிக்காவில் தொடங்கிய பெரிய சங்கத்துக்கு இன்றும் 'டீம்ஸ்டர்ஸ்' என்றே பெயர். சின்னத்தில் இரண்டு குதிரைத் தலைகள். ஐடி கம்பெனியில் 'டீம் லீட்' என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகளிடம் இதை நான் சொல்வதில்லை. முன் ஏர் போன வழியே பின் ஏர் போகட்டும்.

வேண்டுமென்றே இழிவாகப் பெயர் வைத்தவர்களும் இருந்தார்கள். 1486-ல் இங்கிலாந்தில் அச்சான 'செயின்ட் ஆல்பன்ஸ் புத்தகம்' வேட்டைக்கும் வல்லூறு வளர்ப்புக்குமான கனவான்கள் கையேடு. அதில் விலங்குக் கூட்டங்களோடு மனிதக் கூட்டங்களுக்கும் நையாண்டியாகப் பெயர் கட்டியிருக்கிறார்கள். சமையல்காரர்கள் சேர்ந்தால் 'அவசரம்', செருப்புத் தைப்பவர்கள் சேர்ந்தால் 'குடிவெறி'. வழக்கறிஞர்களுக்கு மட்டும் 'நாவன்மை'. இப்படிக் கனவான்கள் சிரிக்கக் கட்டிய பட்டியலின் வாரிசைத்தான் நம் பிள்ளைகள் மார்க்குக்காக உருப்போடுகிறார்கள்.

மகள் பரீட்சையில் கேங் என்றே எழுதட்டும், மார்க்கை ஏன் விட வேண்டும்? மாமாவின் சொல்தான் மூத்தது என்று மட்டும் அவளிடம் சொல்லிவிடுங்கள். ரயில்வேயில் இப்போது கேங்மேன் என்ற பெயரே இல்லை. டிராக்மேன் ஆக்கினார்கள், பிறகு அதையும் மாற்றினார்கள். எங்கள் தெருக்காரர் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். மகள் கல்யாணப் பத்திரிகையில் தன் பெயருக்குக் கீழே 'ரயில்வே கேங்மேன், ஓய்வு' என்று போடச் சொன்னார். அச்சகத்துக்காரர் 'ரயில்வே ஊழியர்' என்று திருத்திவிட, திரும்பப் போய் மறு அச்சு வாங்கிவந்தார்.