பாட்டுக்குக் கதையா, கதைக்குப் பாட்டா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு மாலை அவளும் மருமகனும் என்னை ‘ஜேர்சி போய்ஸ்’ என்ற இசை நாடகத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஃபோர் சீசன்ஸ் என்ற அமெரிக்கப் பொப்பிசைக் குழுவின் கதை என்றார்கள். அந்தக் குழுவின் பெயரைக்கூட அதற்கு முன்னர் நான் கேட்டதில்லை. ஆனாலும் இடைவேளைக்குப் பின்னர் இரண்டு இடங்களில் கண் கலங்கிவிட்டேன். ஊர் திரும்பி, நாடகம் படித்த என் தம்பியிடம் சொன்னபோது, “அது நாடகமில்லை அக்கா, பழைய பாட்டுகளைத் திரும்ப விற்பதற்குக் கட்டிய கதை” என்றான். நான் பார்த்தது நாடகமா, பாட்டுக் கச்சேரியா?
– வாசகி, கல்லடி

பதில்: நீங்கள் பார்த்தது நாடகந்தான், அதற்கான சான்று உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. ஏற்கனவே புகழ்பெற்ற பாடல்களைத் தெரிந்தெடுத்து அவற்றைச் சுற்றிக் கதை அமைக்கும் இந்த வகையை ஜூக்பொக்ஸ் இசை நாடகம் என்பார்கள். காசைப் போட்டு விரும்பிய இசைத்தட்டைக் கேட்கும் பெட்டியின் பெயர் அது. பெயரிலேயே ஓர் இளக்காரம் உண்டு. பார்வையாளரின் இளமைக்கால நினைவுகளை நம்பியே இவை பிழைக்கின்றன என்பதுதான் விமர்சகர்கள் வழமையாக வைக்கும் குற்றச்சாட்டு. ஆனால் உங்களிடம் அந்த நினைவு எதுவும் இருக்கவில்லை. பாடல்களைக் கேட்டறியாத, அந்தக் குழுவின் பெயரே தெரியாத ஒருவர் அந்த மண்டபத்தில் கண் கலங்கினார் என்றால், அவரைக் கலங்க வைத்தது பழைய பாட்டின் மீதான பாசமாக இருக்க முடியாது.

உங்கள் தம்பியின் கூற்றில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ‘ஜேர்சி போய்ஸ்’ நியூயோர்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிரோட்வேயில் 2005 நவம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு பெப்ரவரியில், பீச் போய்ஸ் குழுவின் பாடல்களை வைத்து அமைக்கப்பட்ட ‘குட் வைப்ரேஷன்ஸ்’ அங்கே தொடங்கி, 94 காட்சிகளுடன் ஏப்ரலில் மூடப்பட்டது. பீச் போய்ஸ் பாடல்கள் எந்த வகையிலும் குறைந்தவை அல்ல. எனினும் அவற்றைத் தாங்கி நிற்கக்கூடிய கதை அந்த நாடகத்துக்கு வாய்க்கவில்லை. ‘ஜேர்சி போய்ஸ்’ 2006இல் பிரோட்வே நாடகங்களுக்கு வழங்கப்படும் ரோனி விருதைச் சிறந்த இசை நாடகமாகப் பெற்று, 2017 ஜனவரி வரை 4,642 காட்சிகள் அங்கே நடைபெற்றது. பாடல்களின் புகழ் மட்டும் போதுமானதாயின் இரண்டுமே ஓடியிருக்க வேண்டும்.

மார்ஷல் பிரிக்மனும் ரிக் எலிஸும் எழுதிய அந்தப் பிரதியின் பலம், கதையைச் சொல்வதற்கு ஒருவரை நியமிக்காமல் குழுவினர் நால்வரிடமும் பங்கிட்டுக் கொடுத்ததில் இருக்கிறது. குழுவின் பெயரில் உள்ள நான்கு பருவங்களே நாடகத்தின் நான்கு பகுதிகள்: வசந்தத்தை ரொமி டிவிட்டோவும், கோடையைப் பாடலாசிரியரான பொப் கோடியோவும், இலையுதிர்காலத்தை நிக் மாசியும், குளிர்காலத்தைப் பாடகர் ஃபிராங்கி வல்லியும் சொல்கிறார்கள். நமது கூத்தில் ஒவ்வொரு பாத்திரமும் தன் வரவிலேயே தான் இன்னார் என்று பாடி ஆடி அறிவித்த பின்னரே கதைக்குள் இறங்குவதைக் கூத்தாடும் களரியைச் சுற்றி இருந்து பார்த்துப் பழகிய உங்களுக்கு, நடிகர் சபையோரை நேரே நோக்கித் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்வது அந்நியமாகத் தோன்றியிராது. இங்கே அதற்கு மேலும் ஒன்று நடக்கிறது: ஒருவர் சொன்னதை அடுத்தவர் மறுக்கிறார். குழுவைக் கட்டியெழுப்பியது தானே என்று ரொமி சொல்லி முடித்ததும், அப்படியல்ல என்று பொப் தொடங்குகிறார். யாரை நம்புவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்துவிடுகிறது. கச்சேரி கேட்பவருக்கு அந்தப் பொறுப்பு கிடையாது.

பாடல்கள் வைக்கப்பட்ட இடங்களையும் கவனியுங்கள். இந்த நாடகத்தில் மனிதர்கள் பெரும்பாலும் பேச்சின் நடுவே திடீரென்று பாடத் தொடங்குவதில்லை. அவர்கள் பாடகர்கள் என்பதால் ஒலிப்பதிவுக் கூடத்திலும் விடுதி மேடையிலும் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் பாடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கடனும் மனத்தாங்கலும் காத்திருக்கின்றன. குழுவுக்கு முதன்முதலாக முதலிடத்தைப் பெற்றுத்தந்த 1962ஆம் ஆண்டுப் பாடலும் தொடக்கத்திலேயே வந்துவிடுவதில்லை. பெயரை மாற்றி மாற்றி, யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தை முழுவதும் பார்த்த பிறகே அது ஒலிக்கிறது. அதனால் அந்த வெற்றி நமக்கும் உரியதாகிறது. இசை நாடகக்காரர்கள் பலர் கைக்கொள்ளத் தவறும் பொறுமை இது.

நீங்கள் கண் கலங்கிய இடங்களில் ஒன்று வல்லியின் மகள் இறக்கும் காட்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணுகிறேன். மற்றையது, ரொமி பெருக்கிய கடனை வல்லி தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் காட்சியாக இருக்கலாம். ஆண்டுக்கணக்காக ஊர் ஊராகப் பாடி அடைக்க வேண்டிய கடனை, ஒரே தெருவில் வளர்ந்தவன் என்பதற்காக ஒருவர் பொறுப்பெடுப்பதைப் புரிந்துகொள்ள நியூ ஜேர்சியை அறிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். கோடியோ இந்தத் தயாரிப்பில் நேரடியாகப் பங்கேற்றவர். ஆகவே இது குழுவினர் தங்களைப் பற்றித் தாங்களே ஒப்புதல் அளித்த வரலாறு. காலவரிசை சில இடங்களில் மாற்றப்பட்டிருக்கிறது. மகளின் மரணம் உண்மையில் நிகழ்ந்தது 1980இல். மனைவியர் வந்து கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அவர்களுக்கென ஒரு பருவம் ஒதுக்கப்படவில்லை. உங்கள் தம்பி இந்தப் பக்கத்திலிருந்து விமர்சித்திருந்தால் நான் அவருடன் உடன்பட்டிருப்பேன்.


கேள்வி: ‘மம்மா மியா’ திரைப்படத்தை வீட்டில் பார்த்தோம். அது அபா என்ற சுவீடன் பொப்பிசைக் குழுவின் கதை என்று நண்பர் சொல்லியிருந்தார். படத்தில் அப்படி எதுவும் இல்லையே?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: நண்பர் இரண்டு வகைகளை ஒன்றாக்கிவிட்டார். ‘ஜேர்சி போய்ஸ்’ பாடியவர்களின் கதையைச் சொல்கிறது; ‘மம்மா மியா’ அவர்களுடைய பாடல்களை மட்டும் எடுத்து, முற்றிலும் வேறொரு கதைக்குக் கொடுக்கிறது. கிரேக்கத் தீவொன்றில் சிறு விடுதி நடத்தும் தாய், திருமணத்துக்குத் தயாராகும் மகள், தந்தையாக இருக்கக்கூடிய மூவர் என்ற கதையைக் கத்தரின் ஜோன்சன் எழுதினார். லண்டன் பிரின்ஸ் எட்வேர்ட் அரங்கில் அது தொடங்கியது 1999 ஏப்ரல் 6ஆம் திகதி. 1974இல் அதே ஏப்ரல் 6ஆம் திகதிதான் பிரைட்டன் நகரில் நடைபெற்ற யூரோவிஷன் பாடல் போட்டியில் அபா வென்றது. நீங்கள் பார்த்த படம் 2008இல் வந்தது.

இரண்டாவது வகையைச் செய்வது கடினம் என்பது என் கருத்து, ஏனெனில் பாட்டின் சொற்களை ஏறத்தாழ அப்படியே வைத்துக்கொண்டு அதன் பொருளை மட்டும் நகர்த்த வேண்டியிருக்கிறது. மகளைத் திருமணத்துக்கு அலங்கரிக்கும்போது தாய் பாடும் பாட்டை நினைத்துப் பாருங்கள். அது 1981இல், சிறு மகள் புத்தகப்பையுடன் பள்ளிக்கூடம் புறப்படுவதைப் பார்த்து எழுதப்பட்டது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையின் பாட்டைக் கலியாணக் காலையில் வைத்தவுடன், நடுவே கழிந்துபோன ஆண்டுகள் முழுவதும் அந்தத் தாயின் குரலுக்குள் வந்துவிடுகின்றன. பாட்டு எழுதியவரே எண்ணியிராத பொருளை நாடகம் அதற்குக் கொடுத்துவிட்டது. இந்த ஓர் இடத்துக்காகவே அந்த நாடகத்தை நான் மதிக்கிறேன்.


கேள்வி: உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். நமது தமிழ்ப் பொப்பிசையை வைத்து மாணவரைக் கொண்டு இப்படி ஒன்றைச் செய்ய முடியுமா? இது மேற்கத்தேயரின் வடிவம், நமக்குப் பொருந்தாது என்கிறார்கள்.
– ஆசிரியை, காரைதீவு

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். தெரிந்த மெட்டைக் கதைக்குப் பயன்படுத்துவது எவருக்கும் தனிச்சொத்து அல்ல. லண்டனில் 1728இலேயே ஜோன் கே அக்காலத்தில் மக்கள் வாயில் இருந்த மெட்டுகளுக்குப் புதுச் சொற்கள் எழுதி ‘பிச்சைக்காரர் ஒபெரா’வை மேடையேற்றினார். கூத்துப் பழக்கும் நமது அண்ணாவிமாரும் வழிவழியாக வந்த தருக்கள் என்ற கூத்துப் பாடல்களின் மெட்டிலேயே புதிய கூத்துகளுக்குப் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். களரியைச் சுற்றி இருப்பவருக்கு மெட்டு முன்பே தெரியும் என்பது அங்கே குறையாகக் கருதப்பட்டதில்லை.

பொருளுக்கும் பஞ்சமில்லை. 1970களில் இலங்கை வானொலி வழியாக நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பாடல்கள் நாட்டின் எல்லாப் பகுதிகளுக்கும் சென்றன. கலியாண வீடுகளிலும் பாடசாலைச் சுற்றுலா பஸ்களிலும் அவை இன்னும் பாடப்படுகின்றன. அந்தப் பொப்பிசைக்குத் தாளம் கொடுத்தது பைலா. பைலாவின் வேரில் இருப்பது போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த கஃப்ரிஞ்ஞா என்ற ஆடலிசை. அதை இன்றும் தங்கள் கலியாணங்களில் ஆடிப் பாடும், போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி பேசும் பறங்கியர் சமூகம் வேறெங்கோ இல்லை, மட்டக்களப்பு நகரத்திலேயே இருக்கிறது. ஒரு மணிநேர வழித்தூரத்தில் இப்படியொரு மூலம் இருக்கும்போது, மாணவர்கள் இணையத்தில் மட்டும் தேடிக்கொண்டிருப்பது பெரும் இழப்பாகும். முதலில் அவர்களை அனுப்பி, அந்தக் காலத்துக் கலியாண மேடைகளில் கிற்றார் வாசித்தவர்களிடமும் பாடியவர்களிடமும் பேசச் செய்யுங்கள். புகழ்பெற்ற பாடகரின் வாழ்க்கையை நடிப்பதைவிட, அவருடைய பாட்டைப் பாடிக்கொண்டு ஊர் ஊராகச் சென்ற ஒரு சிறு குழுவைக் கற்பனையாகப் படைத்து, அந்த மூத்தோர் சொன்னவற்றை அதற்குள் வைப்பதே சிறந்தது என்று நினைக்கிறேன்.

எதை விடுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடியவிடிய ஆடும் கூத்தைச் சில மணிநேர மேடை நாடகமாகச் சுருக்கியபோது, கதையை முன்னே நகர்த்தாத ஆடலும் பாடலும் எவ்வளவு அழகாயினும் குறைக்கப்பட வேண்டியிருந்தது. அந்தப் பயிற்சியில் முன்னின்ற சி. மௌனகுரு நம் மண்ணவர். அவருடைய எழுத்துகளை மாணவர்களுக்குக் கொடுங்கள். ஒரு பாட்டை எடுத்துவிட்டாலும் கதை புரிகிறது என்றால், அந்தப் பாட்டு அங்கே இருக்கத் தேவையில்லை.

அனுமதியை மறக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஆக்கியோனின் ஆயுட்காலமும் அதற்குப் பின்னர் 70 ஆண்டுகளும் பாடலுக்குப் பாதுகாப்பு உண்டு. வகுப்பறைப் பயிற்சி ஒன்று, சீட்டு விற்று மண்டபத்தில் மேடையேற்றுவது வேறொன்று. பொதுமேடைக்குப் போவதாயின் பாடலின் உரிமையாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பாடலை நாடகத்துக்குள் பயன்படுத்தப் போவதையும் அதில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.


கேள்வி: லண்டனில் இருக்கும் மகன், நாங்கள் வரும்போது ‘மம்மா மியா’வுக்கு அழைத்துப் போவதாகச் சொல்கிறார். மனைவிக்கு ஆங்கிலம் குறைவு. எப்படித் தயாராகலாம்? நாமும் சேர்ந்து பாடலாமா?
– வாசகர், கல்முனை

பதில்: நான்கைந்து பாடல்களை முன்கூட்டியே இருவரும் கேட்டுவையுங்கள், எல்லாவற்றையும் கேட்க வேண்டாம், சிலவாவது அரங்கில் புதிதாக வந்து சேரட்டும். மனைவிக்குத் தாய், மகள், வந்து சேரும் மூவர் ஆகியோரின் பெயர்களையும் உறவையும் மட்டும் சொல்லிவையுங்கள், முடிவைச் சொல்லிவிடாதீர்கள். காட்சியின் நடுவே காதுக்குள் மொழிபெயர்ப்பது அருகில் இருப்பவர்களுக்கு இடையூறு என்பதுடன், மேடையில் நடிகையின் முகம் சொல்வதை உங்கள் மனைவி தவறவிடவும் காரணமாகும். புரியாதவற்றை இடைவேளையில் பேசிக்கொள்ளலாம். கதை நடக்கும்போது பாடலை நடிகர்களிடம் விட்டுவிடுங்கள். முடிவில் அவர்கள் பளபளக்கும் எழுபதுகளின் உடையில் மீண்டும் வந்து பாடும்போது மண்டபமே எழுந்து நிற்கும், அப்போது நீங்களும் எழுந்து பாடலாம். மகன் பின்னர் ‘ஜேர்சி போய்ஸ்’ பார்க்கவும் விரும்பினால், அதில் கடுமையான வசைச்சொற்கள் நிறைய வரும் என்பதால், பேரப்பிள்ளைகளின் வயதைப் பார்த்து முடிவு செய்யச் சொல்லுங்கள்.