'புட் ஆஃப்' என்றால் ரத்தா?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். 'தி இன்ஸ்பெக்‌ஷன் ஹேஸ் பீன் புட் ஆஃப்' என்று சரக்கு வாங்கும் பையரிடமிருந்து மெயில் வந்தது. ஆஃப் என்றால் நிறுத்தியாயிற்று என்று எண்ணி, சரக்கைத் தூத்துக்குடிக்கு லாரி ஏற்றிவிட்டோம். இரண்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்து நிற்கிறார். அகராதியைப் புரட்டினால் 'தள்ளிவை', 'வெறுப்பூட்டு', 'கவனத்தைக் கலை' என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள். இதை எப்படித்தான் மனத்தில் வைப்பது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

படிக்கும்போதே வயிற்றைக் கலக்கியது. ஃபேனை ஆஃப் செய்தால் நின்றுவிடுகிறது. அந்த ஆஃபைத்தான் இங்கும் நினைத்துவிட்டீர்கள். ரத்து என்றால் 'கால் ஆஃப்' என்று எழுதியிருப்பார்கள்.

இங்கே ஆஃபுக்கு 'அப்பால்' என்று பொருள் கொள்ளுங்கள். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில், எரிகிற முட்செடியருகே மோசேயிடம் செருப்பைக் கழற்றச் சொல்லும் இடத்தில் 'புட் ஆஃப் தை ஷூஸ்' என்று வரும். காலை விட்டு அப்பால் எடுத்து வை. இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை, ஆனால் கை செய்கிற வேலை அதில் கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு தேதியை அப்படி எடுத்து அப்பால் வைத்தால் நம்முடைய 'தள்ளிப்போடு'. உங்கள் மெயில் சொன்னது இதைத்தான். 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் அந்த வாடையில் சாப்பாடே பிடிக்காமல் போயிற்று என்று பொருள். ஆளே அப்பால் தள்ளப்படுகிறார். படிப்பவரின் மனம் அப்பால் போனால் கவனக்கலைவு.

'இட்' வந்தால் நடுவில்தான் நிற்கும்: 'புட் இட் ஆஃப்'. பின்னால் வினை வந்தால் 'புட் ஆஃப் கோயிங்', 'புட் ஆஃப் டு கோ' அல்ல. நம்மவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

நம் 'விட்டுக்கொடு'வைப் பாருங்கள். பஸ்ஸில் சீட்டை விட்டுக்கொடுத்தார் என்றால் பாராட்டு. தம்பியை யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டாள் என்றால், கொடுக்காததற்குப் பாராட்டு. விடு, கொடு என்று தனித்தனியாகப் படித்து வருகிறவர் திணறிப்போவார். நாம் திணறுவதில்லை, வாக்கியமாகவே காதில் விழுந்து வளர்ந்தோம். அதனால் அகராதிப் பொருளை உருப்போடாதீர்கள். உங்களுக்கு வரும் மெயில்களிலிருந்தே முழு வாக்கியமாக ஒரு நோட்டில் எழுதி, வாய்விட்டுப் படியுங்கள்.

அடுத்த முறை 'புட் ஆஃப்' என்று வந்து தேதி இல்லாவிட்டால், 'டில் வென்?' என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வந்த பிறகு லாரிக்குச் சொல்லலாம்.